பல்லுக்கு ஒரு பள்ளி கண்ட டாக்டர் ரபியுதீன் அகமது

கடந்த கோடை விடுமுறையில் ஒரு நாள். நம் பள்ளியின் பழைய மாணவியான ஓர் அக்கா எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கையில் நன்கொடைச் சீட்டும் இல்லை, கலியாணக் கடிதமும் இல்லை. என்ன வேண்டும் என்று விசாரித்தபோது, காரை படிந்த பல்வரிசை ஒன்று தேடுவதாகச் சொன்னார். நாங்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை.

அவர் டென்டல் ஹைஜீனிஸ்ட் எனப்படும் பல் தூய்மைப் பணிக்குரிய இரண்டாண்டுப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தார். பல்லைப் பிடுங்குவதும், சொத்தையை அடைப்பதும், பல் கட்டுவதும் பல் மருத்துவரின் வேலை. பல்லில் கல்லாய் உறைந்த காரையைச் சுரண்டி எடுத்து, மெருகேற்றி, பல் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது ஹைஜீனிஸ்டின் வேலை. எழுத்துத் தேர்வு முடிந்ததும் செய்முறைத் தேர்வு வரும். தேர்வாளர் அருகில் நின்று கவனிக்க, உயிருள்ள ஒரு மனிதரின் வாயில் வேலை செய்து காட்ட வேண்டும். அந்த மனிதரை அழைத்து வருவதும் அக்காவின் பொறுப்பாம். பல் பளிச்சென்று இருப்பவரை அழைத்துப் போனால் செய்து காட்ட ஒன்றுமில்லை. பல் ஆடுகிறவரை அழைத்துப் போனாலோ அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோயாகிவிடும். ஆகவே அளவான காரை உள்ள ஒருவர் வேண்டும்!

கடைசியில் அகப்பட்டவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஐம்பது ஆண்டுகளாக வெற்றிலை போடுகிறவர். அக்கா சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பாட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். தம் வாய்க்குள் இரும்பை விடுவதற்கு இந்தப் பிள்ளைக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்பதே அக்கேள்வி.

நியாயமான கேள்விதான். அக்காவும் அதற்கு நியாயமாகவே விடை சொன்னார். இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்றும், அதைப் பெறுவதற்காகத்தான் பாட்டியை அழைப்பதாகவும் சொன்னார். நாங்கள் அத்துடன் விடவில்லை. நம் நாட்டில் அந்த அதிகாரம் எப்போது, யாரால் உண்டாயிற்று என்று நூலகத்தில் தேடத் தொடங்கினோம். அப்போது கிடைத்ததே டாக்டர் ரபியுதீன் அகமது அவர்களின் வாழ்க்கை. பல் மருத்துவம் பயில்வோர் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் பெயர் அது. நம்மில் பலருக்கோ புதிய பெயர்.

ரபியுதீன் அகமது 1890 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24 ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அந்நிலம் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. நாம் குடில் கட்டி, நட்சத்திர விளக்கைத் தொங்கவிட்டு, நள்ளிரவுப் பூசைக்குப் புத்தாடை எடுத்து வைக்கும் அதே நாளைத்தான் இந்தியப் பல் மருத்துவர்கள் அவர் நினைவாகத் தங்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். டாக்காவில் தொடக்கக் கல்வி கற்ற அவர், பின் அலிகாரில் இருந்த முகம்மதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் பயின்றார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அக்கல்லூரியே.

அக்காலத்தில் பல் மருத்துவம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உடலின் பிற நோய்களுக்கு ஆங்கில மருத்துவம் நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. நம் நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தாரின் மருத்துவப் பணி 1838 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கல்கத்தாவிலும் சென்னையிலும் 1835 முதல் மருத்துவப் பள்ளிகள் இயங்கின. ஆனால் பல்லுக்கென்று முறையாகப் படிப்பதற்கு இந்தியா முழுவதிலும் ஒரு கல்லூரிகூட இல்லை. உமிக்கரியும் உப்பும் வேப்பங்குச்சியும் பல் துலக்க உதவின. வலி வந்தால் கிராம்பு. கிராம்புக்கும் அடங்காவிட்டால், குறடு வைத்திருப்பவர் எவரோ அவரே வைத்தியர்! சந்தைத் திடலில் சாக்கு விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்துவைத்து அதையே விளம்பரமாக்கியவர்களும் உண்டு. ஒருவர் வாயிலிருந்து எடுத்த குறட்டைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பார்கள். கேட்பார் இல்லை. கேட்பதற்குச் சட்டமும் இல்லை.

இந்நிலையில்தான் அலிகாரில் பயின்ற அவ்விளைஞர், எவரும் எண்ணிப் பாராத ஒரு படிப்பைத் தேடிக் கடல் கடந்தார். மேல்படிப்பு என்றால் இங்கிலாந்து, இங்கிலாந்து என்றால் சட்டம் என்றிருந்த காலம் அது. அகமதுவோ அமெரிக்காவுக்குச் சென்று, ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1915 ஆம் ஆண்டில் பல் அறுவை மருத்துவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது.

ஐயோவாவைப் பற்றி மாணவியராகிய நாங்கள் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. லூசி ஹாப்ஸ் என்ற பெண்மணி, பெண் என்ற காரணத்தால் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டவர். தனியே தொழில் கற்றுத் திறமையோடு செய்துவந்த அவரை, 1865 ஆம் ஆண்டில் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது இந்த ஐயோவா மாநிலத்துப் பல் மருத்துவர் சங்கமே. அதன் பின்னரே ஒஹாயோவில் கல்லூரிக் கதவு அவருக்குத் திறந்தது. 1866 இல் பட்டம் பெற்ற அவரே பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாவார்.

நிற்க. அமெரிக்காவில் பட்டம் பெற்றால் மட்டும் போதாது. அலபாமா மாநிலம் 1841 ஆம் ஆண்டிலேயே பல் மருத்துவத் தொழிலுக்குச் சட்டம் இயற்றியிருந்தது. அதைப் பின்பற்றி ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு குழுவை அமைத்து, தொழில் செய்ய விரும்புவோரைச் சோதித்து உரிமம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. கல்லூரி கற்பிக்கும், குழு சோதிக்கும், சட்டம் உரிமம் கொடுக்கும். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத நாட்டிலிருந்து சென்றவர் அகமது.

பட்டம் பெற்றபின், முதல் உலகப் போர்க் காலத்தில், அவர் பாஸ்டன் நகரின் பார்சித் குழந்தைகள் பல் மருத்துவமனையில் பணிபுரிந்தார். பார்சித் குடும்பத்தார் தங்கள் சகோதரர் நினைவாகக் கட்டி, 1914 இல் திறந்த நிலையம் அது. ஏழைக் குழந்தைகளின் பற்களைப் பார்ப்பதற்கென்றே எழுந்த பெரிய மாளிகை. அங்கேதான் எங்கள் அக்காவின் கதையும் அகமதுவின் கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன.

ஹைஜீனிஸ்ட் என்ற தொழில் அமெரிக்காவில் தோன்றி அப்போது பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். சொத்தை விழுந்த பின் அடைப்பதைவிட, விழாமல் காப்பதே மேல் என்பது அவர் கொள்கை. ஆனால் ஒவ்வொருவர் பல்லையும் மணிக்கணக்கில் சுத்தம் செய்ய மருத்துவருக்கு ஏது நேரம்? 1906 ஆம் ஆண்டில் அவர் தம்மிடம் உதவியாளராக இருந்த உறவுப் பெண் ஐரீன் நியூமனுக்கு அவ்வேலையைக் கற்பித்தார். பிடுங்கிய பற்களை வைத்துப் பழகிய பின்னரே அவர் நோயாளிகளிடம் சென்றார். 1913 இல் போன்ஸ் தம் வண்டிக் கொட்டகையையே வகுப்பறையாக்கிப் பெண்களுக்கான முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். செவிலி என்றால் நோய் நினைவுக்கு வருகிறது என்று சொல்லி, நலத்தைக் குறிக்கும் ஹைஜீனிஸ்ட் என்ற பெயரை அவரே சூட்டினார். அங்கே பயின்ற பெண்கள் நகரப் பள்ளிகளுக்குச் சென்று குழந்தைகளின் பற்களைச் சுத்தம் செய்தார்கள். 1917 ஆம் ஆண்டில் ஐரீன் நியூமன் உலகின் முதல் ஹைஜீனிஸ்ட் உரிமத்தைப் பெற்றார். பாஸ்டனிலோ, பார்சித் நிலையமே 1916 இல் ஹைஜீனிஸ்டுகளுக்கான பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. முறையாகக் கற்ற பெண்கள் குழந்தைகளின் பற்களைத் தூய்மை செய்வதற்கென ஒரு தனித் தொழில் உருவானது அகமது பாஸ்டனில் வாழ்ந்த அந்த ஆண்டுகளில்தான்.

அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் அவர் வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1919 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே, 1920 இல், கல்கத்தா நகரில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். அரசு கட்டிக்கொடுக்கவில்லை. அரசர் எவரும் பொருள் வழங்கவில்லை. அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? இதைப் படித்தபோதுதான் எங்களுக்கு அவர்மீது தனி அன்பு பிறந்தது. நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் அவர் கல்கத்தாவில் ஒரு குளிர்பானக் கடையைத் தொடங்கினார். அந்தக் கடையின் வருமானம் கல்லூரியைத் தாங்கியது! இனிப்புப் பானத்தை விற்றுப் பல் மருத்துவம் கற்பித்த வேடிக்கையை என்னென்பது! பல்லைக் கெடுப்பது எதுவோ அதன் காசைக் கொண்டே பல்லைக் காக்க வழி செய்தார் என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். ஆலயத் திருவிழாவில் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தின்னும் நாங்கள் அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல அருகதையற்றவர்கள்.

கட்டடமும் பணமும்கூடப் பெரிதல்ல. மாணவர் வேண்டுமே! படிக்காதவரும் பல் பிடுங்கலாம் என்று இருக்கும்போது, படித்து, தேர்வெழுதி, பட்டம் பெற்று அதே வேலையைச் செய்ய யார் வருவார்கள்? குறடு ஒன்று வாங்கினால் நாளையே தொழில் தொடங்கலாமே! அகமதுவின் உண்மையான போராட்டம் இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். இதை அவர் ஒரே அடியில் வென்றுவிடவில்லை. கல்லூரியின் பாடத்திட்டம் தொடக்கத்தில் ஓராண்டாகத்தான் இருந்தது. பின்னர் அதைச் சிறிது சிறிதாக நீட்டி நான்காண்டுப் படிப்பாக்கினார். 1925 இல் வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி, 1946 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமே அதன் ஆசிரியராக இருந்தார். மாணவர் கையில் வைத்துப் படிக்க நூல் இல்லாத குறையை நீக்க, 1928 இல் பற்சிகிச்சை முறை பற்றி ஒரு மாணவர் கையேடும் எழுதி வெளியிட்டார். முற்பகலில் ஆசிரியர், பிற்பகலில் மருத்துவர், இரவில் பத்திரிகை ஆசிரியர், இடையே சோடாக்கடை முதலாளி என்று நாங்களாகவே அவருக்கு ஒரு கால அட்டவணை போட்டுப் பார்த்தோம். உறங்குவதற்கு இடமில்லை.

அவருடைய கல்லூரியில் தொடக்கக் காலத்தில் பயின்றவர்களுள் ஒருவர் பாத்திமா ஜின்னா. பாகிஸ்தானின் தந்தை எனப்படும் முகம்மது அலி ஜின்னாவின் தங்கை. பம்பாயின் பாந்த்ராவில் கன்னியர் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்தவர். நம்மைப் போல் சிஸ்டர்களிடம் படித்த பெண் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஆசை. முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருவர் தனியே கல்கத்தா சென்று விடுதியில் தங்கிப் பல் மருத்துவம் கற்பது அந்நாளில் எளிதான செயலா? 1923 ஆம் ஆண்டில் அவர் பம்பாயில் சொந்தமாகப் பல் மருத்துவ நிலையம் திறந்தார். பின்னாளில் அரசியல் அவரை வேறு திசைக்கு அழைத்துச் சென்றுவிட்டது.

கல்லூரி நிலைபெற்ற பின்னும் பாட்டியின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. படித்தவர்கள் வந்துவிட்டார்கள். படிக்காதவரும் பக்கத்துக் கடையில் அதே பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். எவர் படித்தவர், எவர் படிக்காதவர் என்று வலியோடு வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இதற்குச் சட்டம் வேண்டும் என்று அகமதுவும் அவருடைய சங்கத்தாரும் ஓயாமல் வற்புறுத்திவந்தார்கள். அதன் பயனாக 1939 ஆம் ஆண்டில் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இத்தொழிலுக்கு ஏற்பட்ட முதற் சட்டம் அதுவே. நாடு விடுதலை பெற்றபின், 1948 இல், இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும், எது செல்லாது என்று சொல்லவும், தேர்வுகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று ஆளனுப்பிப் பார்க்கவும் அதற்கு அதிகாரம் கிடைத்தது. மாநிலந்தோறும் பதிவேடு ஏற்பட்டது. 2023 ஆம் ஆண்டில் தேசியப் பல் மருத்துவ ஆணையம் அமைக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றும்வரை, முக்கால் நூற்றாண்டு இத்தொழிலுக்கு அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டமே ஆதாரமாக விளங்கியது.

அச்சட்டத்தில் எங்களைக் கவர்ந்த செய்திகள் இரண்டு. ஒன்று, பல் மருத்துவரோடு ஹைஜீனிஸ்டையும் அது பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. பல்லைச் சுரண்டித் தூய்மை செய்து மெருகேற்றுபவர், அல்லது வாய்த் தூய்மையைக் கற்றுக்கொடுப்பவர் என்று அவருக்கு இலக்கணம் வகுத்து, தனிப் பதிவேடும் ஏற்படுத்தியது. எங்கள் அக்கா சேர விரும்பும் பதிவேடு அதுதான். மற்றொன்று, படிக்காமல் தொழில் செய்துவந்தவர்களை அச்சட்டம் அடியோடு தெருவில் நிறுத்திவிடவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்குப் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கியது. இனிமேல் வருபவர் படித்தே வர வேண்டும். முன்பே இருந்தவர் பட்டினி கிடக்க வேண்டாம். இது சரிதானா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. வலிக்கும் பல்லுக்குக் கருணை வேண்டாமா என்று சிலர் கேட்டோம். பசிக்கும் வயிற்றுக்கும் வேண்டும் என்றனர் வேறு சிலர். அந்நாளில் நாட்டுக்கு வேண்டிய அளவு பட்டதாரிகள் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது, வேறு வழி இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

நாட்டுப் பிரிவினையில் அகமது பிறந்த மண் கிழக்குப் பாகிஸ்தானாயிற்று. அவர் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். 1949 ஆம் ஆண்டில், தாம் முப்பது ஆண்டுகளாகச் சோடாக்கடைக் காசிலும் சொந்த உழைப்பிலும் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். பின்னர் 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அமைச்சரவையில் இருந்தார். முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராய் அவர்களும் மருத்துவரே. வேளாண்மை, கூட்டுறவு ஆகியவற்றோடு, அகதிகளின் துயர் துடைப்பும் மறுவாழ்வும் அகமதுவின் பொறுப்பில் இருந்தன. எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுள் பலர், அவர் பிறந்த மண்ணையே விட்டுவந்தவர்கள். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடும் வேலை பல் மருத்துவருக்கு வந்து சேர்ந்தது. அரசியல் வாழ்வில் அவர் செய்தவை தனிக் கட்டுரைக்கு உரியவை. நாங்கள் பல்லோடு நிற்கிறோம்.

1964 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1965 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9 ஆம் நாள் அவர் மறைந்தார். அந்தத் தேதியைக் கண்டதும் எங்கள் சிஸ்டர் வியந்து நின்றார். பிப்ரவரி 9 புனித அப்பொலோனியா திருநாள். கி.பி. 249 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் விசுவாசத்துக்காகப் பற்கள் நொறுக்கப்பட்டு உயிர்நீத்தவர். பல்வலியால் வருந்துவோருக்கும் பல் மருத்துவருக்கும் திருச்சபை பாதுகாவலராகக் கொண்டாடுபவர். குறடு ஒன்றில் பல்லைப் பற்றியபடி நிற்கும் அவருடைய படத்தை சிஸ்டர் எங்களுக்குக் காட்டினார். இந்தியாவுக்குப் பல் மருத்துவக் கல்வியைத் தந்தவர் அதே திருநாளன்று கண்மூடியிருக்கிறார்.

அவர் தொடங்கிய கல்லூரி இன்றும் கொல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்று அவர் பெயரிலேயே நடக்கிறது. தமிழகத்தில் 1953 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. இன்று நம் குமரி மாவட்டத்திலேயே, குலசேகரத்தில், ஒரு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. பாட்டி இளம் பெண்ணாக இருந்தபோது பல்லுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டோம். எங்கும் போகமாட்டார்கள் என்றார்.

இனி அக்காவின் தேர்வுக்கு வருவோம். விடுமுறை முழுவதும் அவர் தயாரான விதத்தை அருகிலிருந்து பார்த்தோம். அகமதுவின் சட்டம் தாளில் கேட்டதை ஒரு பெண்ணின் விரல்கள் எப்படிக் கற்கின்றன என்பது அப்போது விளங்கியது.

பல்லின்மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தை அன்றாடம் துலக்காவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி அது கல்லாகிவிடுகிறது. உமிழ்நீர் சுரக்கும் வாய்கள் எங்கே திறக்கின்றனவோ அங்கேதான் காரை மிகுதி. கீழ் முன்பற்களின் உட்புறமும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறமும் அந்த இடங்கள். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், தோழியரே! கல்லான பின் எந்தத் தூரிகையாலும் அது போகாது. ஸ்கேலர் என்னும் சிறு கருவியால்தான் எடுக்க வேண்டும்.

அக்கா பொம்மைப் பற்களில் நகப்பூச்சைத் தடவி உலரவைத்து, அதைக் காரையாகப் பாவித்துச் சுரண்டிப் பழகினார். கருவியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்ள வேண்டும். நோயாளி சட்டெனத் தலையை அசைத்தால் கையும் கூடவே அசையும். கருவி ஈறில் பாயாது. அலகு பல்லோடு 45 பாகைக்கு மேலும் 90 பாகைக்குள்ளும் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் வழுக்கும், கூடினால் ஈறு கிழியும். மழுங்கிய கருவியோ காரையை எடுக்காமல் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். பார்ப்பவருக்குச் சுத்தம் போலத் தோன்றும், உள்ளே அப்படியே இருக்கும். அதனால் கருவியைத் தீட்டுவதும் பாடத்தில் ஒரு பகுதி. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால் அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை நலம். அதற்குமேல் போகப் போக நோய். அந்தக் கம்பியை அழுத்தும் பாரம் 20, 25 கிராமுக்கு மேல் போகக் கூடாதாம். எங்கள் வீட்டுச் சிறு தராசில் விரலால் அழுத்தி அழுத்தி அக்கா அந்த எடையைக் கைக்குப் பழக்கினார். நாங்களும் முயன்றோம். எங்களுள் ஒருத்தி முதல் தடவையிலேயே 200 கிராமைத் தாண்டினாள்.

வேலை தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. சர்க்கரை நோய் உண்டா, இதய வால்வில் கோளாறு உண்டா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் கருவியைத் தொட்டால் தேர்வு அப்போதே முடிந்தது. கருவிகள் பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில், 121 பாகை சூட்டில், குறைந்தது 15 நிமிடம் இருந்து வர வேண்டும். கையுறையோடு தலைமுடியை ஒதுக்கினாலும் மதிப்பெண் போகும். காரை மீதமிருப்பதைவிட ஈறைக் காயப்படுத்துவது பெரிய குற்றம். அமெரிக்காவிலும் ஹைஜீனிஸ்ட் உரிமத் தேர்வுக்கு மாணவியர் ஆண்டாண்டாகத் தாங்களே ஆள் தேடி அழைத்து வந்தார்கள். 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது பல மாநிலங்கள் பொம்மைத் தலையில் செய்து காட்டினால் போதும் என்று மாற்றிக்கொண்டன. அங்கே பிறந்திருந்தால் அலைச்சல் மிச்சம் என்று நாங்கள் சொன்னோம். பொம்மை கேள்வி கேட்காதே என்றார் அக்கா.

பாட்டி இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். போகவர ஜன்னலோர இருக்கை. முடிந்ததும் வெற்றிலை போடத் தடை சொல்லக் கூடாது. முதலாவதை அக்கா ஏற்றுக்கொண்டார். இரண்டாவதைப் பற்றிப் பேருந்தில் போகும் வழியெல்லாம் வாதம் நடந்ததாகக் கேள்வி. தேர்வறையில் பாட்டி ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார். நடுவில் ஒரு முறை கையை உயர்த்தினார். பதறிப்போன அக்காவிடம், எச்சில் துப்ப வேண்டும் என்று சைகை காட்டினார். தேர்வாளர் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். கம்பியால் தடவிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போனார்.

முடிவு ஆடி மாதத்தில் வந்தது. அக்கா தேறிவிட்டார். பதிவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். பாட்டிக்கு மட்டும் இன்னும் ஒரு மனக்குறை. ஐம்பது ஆண்டுக் காரை போனதும் பல்லுக்கிடையே சந்து விழுந்துவிட்டதாம், குளிர்ந்த நீர் கூசுகிறதாம், காற்று விசிலடிக்கிறதாம். சந்து முன்பே இருந்ததென்றும், கல் அதை மூடியிருந்ததென்றும், கூச்சம் சில வாரங்களில் அடங்குமென்றும் அக்கா பொறுமையாக விளக்கினார். பாட்டி நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்லியிருக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிடும்படி எங்களிடம் கேட்டுக்கொண்டார்.